தொற்றுக் காலத்தில் ஒரு குடும்பம் யாரை நம்புகிறது?

ஒரு தொற்று வைரஸ் வீட்டுக்குள் நுழைந்துவிட்டால், அந்தக் குடும்பம் சில மணி நேரத்துக்குள் பல முடிவுகளை எடுத்தாக வேண்டியிருக்கிறது. காய்ச்சல் கண்டவரை எந்த அறையில் படுக்க வைப்பது, அவருக்கு உணவும் மருந்தும் கொண்டுபோய்க் கொடுப்பது யார், எண்பது வயதுப் பாட்டியை அதே வீட்டில் வைத்திருக்கலாமா, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பலாமா, எந்தக் கட்டத்தில் மருத்துவமனைக்குக் கிளம்புவது என்று கேள்விகள் வரிசைகட்டி வருகின்றன. இவற்றில் எதற்கும் குடும்பத்தார் தாமாகவே ஆராய்ந்து விடை காண முடியாது. யாரேனும் ஒருவர் சொன்னதை நம்பித்தான் ஆக வேண்டும். அந்த ஒருவர் யார் என்பதில்தான் இன்று வீடுகள் பிளவுபட்டு நிற்கின்றன. அப்பா தொலைக்காட்சிச் செய்தியை நம்புகிறார். மகள் அதை அறவே ஒதுக்கிவிட்டு, யூடியூபில் தனக்குப் பிடித்த ஒரு மருத்துவரைப் பின்தொடர்கிறார். மாமா தனக்கு வந்த குரல் பதிவைக் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டு, எல்லாரும் கேட்டார்களா என்று விசாரிக்கிறார். ராய்ட்டர்ஸ் இதழியல் ஆய்வு நிறுவனம் 2024இல் வெளியிட்ட, 47 நாடுகளையும் பகுதிகளையும் உள்ளடக்கிய கணக்கெடுப்பில், பெரும்பாலான செய்திகளைப் பெரும்பாலான நேரங்களில் நம்புவதாகச் சொன்னவர்கள் 40 விழுக்காட்டினர் மட்டுமே. நோயாளியின் அறைக் கதவைச் சாத்துவதா வேண்டாமா என்று தொடங்கும் வாக்குவாதம், சற்று உள்ளே போய்ப் பார்த்தால், யார் சொல்வதைக் கேட்பது என்ற பழைய வாக்குவாதமாகவே பல வீடுகளில் இருக்கிறது.

இந்த அவநம்பிக்கையை அறியாமை என்று சொல்லி ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் அதற்கு நியாயமான காரணங்கள் இருந்திருக்கின்றன என்பதை வரலாறு காட்டுகிறது. 1918இல் பரவிய இன்ஃப்ளுயன்சா பெருந்தொற்றுக்கு 'ஸ்பானிஷ் காய்ச்சல்' என்ற பெயர் வந்ததே பத்திரிகைத் தணிக்கையின் விளைவுதான். முதல் உலகப் போரில் ஈடுபட்டிருந்த நாடுகள், படையினரும் மக்களும் மனம் தளர்ந்துவிடுவார்கள் என்று அஞ்சி நோய்ச் செய்திகளை அடக்கி வாசித்தன. போரில் சேராத ஸ்பெயினில் அப்படிப்பட்ட கட்டுப்பாடு இல்லாததால், அரசர் பதின்மூன்றாம் அல்ஃபோன்சோ நோயில் விழுந்தது உட்பட எல்லாம் பத்திரிகையில் வந்தது. உண்மையைச் சொன்ன நாட்டின் தலையிலேயே நோயின் பெயரும் விழுந்தது. 2003இல் கடுமையான சுவாசத் தொற்றான சார்ஸ் நோய் பரவியபோது, பெய்ஜிங்கில் நோயாளிகள் மிகச் சிலரே என்று அரசுத் தரப்பு சொல்லிவந்த கணக்கை, ராணுவ மருத்துவரான சியாங் யான்யோங் வெளிப்படையாக மறுத்தார். அந்த ஏப்ரலிலேயே சுகாதார அமைச்சரும் பெய்ஜிங் மேயரும் பதவி இழந்தார்கள். நாற்பதுக்கும் குறைவு என்று சொல்லப்பட்ட எண்ணிக்கை ஒரே நாளில் முந்நூறைத் தாண்டியது. அதற்கு முன்பே, அதிகாரபூர்வச் செய்தி எதுவும் கிடைக்காத குவாங்டாங் மாகாணத்து மக்கள், குறுஞ்செய்திகளில் பரவிய பேச்சை நம்பி வினிகரை வாங்கிக் குவித்து, வீட்டுக்குள் அதைக் காய்ச்சி ஆவி பரப்பிக்கொண்டிருந்தார்கள். வினிகர் ஆவி வைரஸைத் தடுக்காது. ஆனாலும் அந்தக் குடும்பங்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஏதோ ஒரு நோய் சுற்றுகிறது என்ற அவர்களுடைய ஊகம் சரி. அதைச் சொல்ல வேண்டியவர்கள்தாம் வாய் திறக்கவில்லை.

மறைப்பைவிட அதிகமாக நம்பிக்கையைக் குலைத்தது இன்னொன்று என்பது என் கணிப்பு. அப்போதைக்குத் தெரிந்ததை, முடிந்த முடிவுபோல அறிவித்த வழக்கம்தான் அது. 2020 மார்ச் 28 அன்று உலக சுகாதார நிறுவனம், கொரோனா வைரஸ் காற்றுவழிப் பரவாது என்பது உண்மை என்று அழுத்தந்திருத்தமாகத் தன் சமூக ஊடகப் பக்கங்களில் வெளியிட்டது. உலகெங்கும் செய்தி நிறுவனங்கள் அதை எடுத்துப் போட்டன. அதே ஆண்டு ஜூலையில் 239 அறிவியலாளர்கள் ஒரு பகிரங்கக் கடிதத்தின் வாயிலாக அதை மறுத்தார்கள். இருமலில் தெறித்துச் சீக்கிரம் கீழே விழுந்துவிடும் பெரிய திவலைகளோடு, பேசும்போதும் மூச்சுவிடும்போதும் வெளிப்பட்டு அறைக்குள் நெடுநேரம் மிதக்கும் நுண்திவலைகளும் நோயைப் பரப்புகின்றன என்பது அவர்களுடைய வாதம். காற்றோட்டம் குறைந்த உள்ளிடங்களில் அப்படிப் பரவும் என்று உலக சுகாதார நிறுவனம் தன் விளக்கத்தைத் தெளிவாகத் திருத்தியது 2021 ஏப்ரல் இறுதியில்தான். முகக்கவசத்தின் கதையும் இதே தடத்தில்தான் போனது. 2020 பிப்ரவரி இறுதியில் அமெரிக்காவின் தலைமை மருத்துவ அலுவலர் பொதுமக்கள் மாஸ்க் வாங்குவதை நிறுத்துங்கள் என்றார். ஏப்ரல் தொடக்கத்தில் அதே நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் துணி மாஸ்க்கைப் பரிந்துரைத்தது. மருத்துவப் பணியாளர்களுக்குத் தட்டுப்பாடு வந்துவிடக் கூடாது என்ற கவலையும், அறிகுறி இல்லாதவரிடமிருந்தும் நோய் பரவுகிறது என்ற புதிய தெளிவும் அந்த மாற்றத்துக்குப் பின்னால் இருந்தன. அந்தக் காரணங்களை முதல் நாளே மக்களிடம் சொல்லியிருந்தால், மாற்றம் வந்தபோது அது புரட்டுப் பேச்சாகத் தோன்றியிருக்காது.

இதன் விலையை வீடுகள் நேரடியாகக் கொடுத்தன. வாங்கிவந்த பொட்டலங்களை ஒவ்வொன்றாகத் துடைத்து, கதவின் கைப்பிடிக்குக் கிருமிநாசினி தெளித்து, நாணயங்களைக் கழுவிக் காயவைத்த குடும்பங்கள், சன்னல்களை மட்டும் இறுகச் சாத்திவைத்திருந்தன. நோயாளி இருமிய காற்று அந்த வீட்டுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. அக்கறைக்கோ உழைப்புக்கோ அங்கே குறைவில்லை. அந்த உழைப்பு தவறான இடத்தில் செலவானது. பிறகு பரிந்துரை மாறியதும், "நேற்று ஒன்று சொன்னார்கள், இன்று ஒன்று சொல்கிறார்கள், எதையுமே கேட்க வேண்டாம்" என்று களைத்துப்போனவர்களும் இவர்களுக்குள்தான் அதிகம் இருந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

எண்களும் இந்தக் குழப்பத்தில் தம் பங்கைச் செய்தன. 2020 மார்ச் 3 அன்று, அதுவரை பதிவான நோயாளிகளில் ஏறத்தாழ 3.4 விழுக்காட்டினர் இறந்திருப்பதாக உலக சுகாதார நிறுவனத்தின் தலைவர் சொன்னார். பரிசோதனையில் உறுதியானவர்களை மட்டும் வகுஎண்ணாகக் கொண்ட கணக்கு அது; லேசாகக் காய்ச்சல் வந்து, பரிசோதனைக்கே போகாமல் குணமானவர்கள் அதில் இல்லை. தலைப்புச் செய்தியில் அது 'கொரோனா வந்தால் நூற்றில் மூன்று பேருக்கு மேல் இறப்பார்கள்' என்று ஆனது. பிறகு குறைவான மதிப்பீடுகள் வந்தபோது, முதலில் பயமுறுத்தினார்கள் என்று ஒரு சாராரும், இப்போது மறைக்கிறார்கள் என்று இன்னொரு சாராரும் முடிவுகட்டினார்கள். இரண்டு எண்களும் தத்தம் அளவில் சரியாக இருக்க முடியும் என்பதை எடுத்துச்சொல்லத் தலைப்பில் இடமில்லை.

அவநம்பிக்கை எங்கிருந்து முளைக்கிறது, எப்படி உயிர்களைக் கொண்டுபோகிறது என்பதற்கு சமோவாவைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. ஏறத்தாழ இரண்டு லட்சம் மக்கள் வாழும் அந்தப் பசிபிக் தீவு நாட்டில், 2018 ஜூலையில் தட்டம்மைத் தடுப்பூசி போட்ட சிறிது நேரத்திலேயே இரண்டு கைக்குழந்தைகள் இறந்துபோயின. தடுப்பூசித் தூளைக் கரைக்க வேண்டிய நீருக்குப் பதிலாக, காலாவதியான தசைத்தளர்வு மருந்தைச் செவிலியர்கள் கலந்துவிட்டதே காரணம். அவர்கள் பின்னர் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறை சென்றார்கள். ஆனால் அந்த உண்மை முழுதாக வெளிவருவதற்குள் மாதங்கள் உருண்டன. அரசு தடுப்பூசித் திட்டத்தையே நிறுத்திவைத்தது. அந்த இடைவெளியில், தடுப்பூசியே நஞ்சு என்ற பிரசாரம் சமூக ஊடகங்கள் வழியே வீடுவீடாக நுழைந்தது. இறந்தது பக்கத்துத் தெருக் குழந்தை என்னும்போது, ஒரு தாய் தன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஊசி போடப் போகத் தயங்குவதில் வியப்பு என்ன இருக்கிறது? தடுப்பூசி பெற்ற குழந்தைகளின் விகிதம் மிகவும் சரிந்துகிடந்த நிலையில், 2019 அக்டோபரில் தட்டம்மைப் பரவல் அறிவிக்கப்பட்டது. தட்டம்மை வைரஸ், நோயாளி அறையை விட்டுப் போன பிறகும் இரண்டு மணி நேரம் வரை அந்தக் காற்றில் தங்கியிருக்கக்கூடியது. எதிர்ப்பாற்றல் இல்லாதவர் பத்துப் பேர் அருகில் இருந்தால் ஒன்பது பேரைத் தொற்றும் வல்லமை கொண்டது. சில மாதங்களில் 5,700க்கும் மேற்பட்டவர்கள் நோயுற்றார்கள். 83 பேர் இறந்தார்கள், அவர்களில் பெரும்பாலோர் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள்.

அங்கே நிலைமையைத் திருப்பியது ஒரு வேண்டுகோளும் அதைத் தொடர்ந்த வீட்டு வருகையும். டிசம்பர் 5, 6 தேதிகளில் அரசு அலுவலகங்களையும் கடைகளையும் மூடச் சொல்லி, தடுப்பூசி போடாதவர்கள் உள்ள வீடுகள் வாசலில் சிவப்புத் துணி ஒன்றைக் கட்டித் தொங்கவிட வேண்டும் என்று அரசு கேட்டுக்கொண்டது. மருத்துவக் குழுக்கள் வீடு வீடாகச் சென்றன. வாசலில் துணி கட்டிய குடும்பம் எங்கும் போய் வரிசையில் நிற்க வேண்டியிருக்கவில்லை. தன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபடியே, வந்திருக்கும் செவிலியரிடம் மருந்துப் புட்டியைக் காட்டச் சொல்லவும், போன ஆண்டு நடந்தது பற்றிக் கேட்கவும் வாய்ப்புக் கிடைத்தது. சட்டத்தின் கட்டாயமும் அங்கே இருந்தது, சாவுகள் தந்த அச்சமும் இருந்தது என்பதை மறைக்கக் கூடாது. ஆனாலும், செய்தி அறிக்கையால் ஆகாத ஒன்று, எதிரில் உட்கார்ந்து பதில் சொல்லும் ஓர் ஆளால் ஆனது.

நான் இந்தக் கட்டுரையில் சொல்ல விரும்புவதும் அதுதான். மனிதர்கள் தாம் திருப்பிக் கேள்வி கேட்கக்கூடிய ஒருவரை நம்புகிறார்கள். செய்தி ஊடகம் ஒருவழிப் பாதை, அது எவ்வளவு சரியாகச் சொன்னாலும், "என் அம்மாவுக்குச் சர்க்கரை நோய் இருக்கிறதே, அவருக்கும் இது பொருந்துமா?" என்று அதனிடம் கேட்க முடியாது. வாட்ஸப்பில் வரும் குரல் பதிவு வெல்வது இந்த இடத்தில்தான். அதை அனுப்பியவர் அத்தை. அவரைக் கூப்பிட்டுப் பேசலாம், சந்தேகம் கேட்கலாம். அத்தைக்கு அதை அனுப்பியவர் யார், அவருக்கு அனுப்பியவர் யார் என்று நான்கு கை பின்னால் போனால் பேசியவரின் பெயர்கூடத் தெரியாது என்பது அந்த நேரத்தில் மனத்தில் படுவதில்லை. 2020 ஏப்ரலில், பலமுறை கைமாறிய பதிவுகளை ஒரு நேரத்தில் ஒரே ஓர் உரையாடலுக்கு மட்டுமே அனுப்ப முடியும் என்று வாட்ஸப் கட்டுப்பாடு கொண்டுவந்ததற்கும் இதுவே பின்னணி.

மேற்கு ஆப்பிரிக்காவில் 2014 முதல் 2016 வரை நீடித்த, நோயாளியின் உடல் திரவங்கள் வழியே தொற்றும் எபோலா வைரஸின் பரவல் இதைக் கொடுமையான முறையில் கற்பித்தது. கினி, லைபீரியா, சியாரா லியோன் நாடுகளில் 28,600க்கும் மேற்பட்டோர் நோயுற்று, 11,300க்கும் மேற்பட்டோர் இறந்த பரவல் அது. தொடக்கத்தில் வானொலியிலும் சுவரொட்டிகளிலும் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டது, எபோலாவுக்கு மருந்து கிடையாது என்பது. அன்றைக்கு அது உண்மைதான். கேட்ட குடும்பங்கள் அதிலிருந்து எடுத்துக்கொண்ட பொருள் வேறு: மருந்தே இல்லை என்றால் எதற்கு மருத்துவமனைக்கு அனுப்பி, முகமே தெரியாதவர்கள் நடுவில் சாகவிட வேண்டும்? நோயாளியை வீட்டிலேயே மறைத்து வைத்துத் தாமே பணிவிடை செய்தார்கள்; பணிவிடை செய்தவர்களும் விழுந்தார்கள். நீரிழப்பைத் தடுக்கும் திரவங்கள் கொடுத்து உரிய நேரத்தில் கவனித்தால் பிழைக்கும் வாய்ப்புக் கூடும் என்ற இன்னொரு பாதி உண்மை, முதல் பாதி அளவுக்கு ஒலிக்கவில்லை. லைபீரியத் தலைநகரில் உடல்களை எரிக்க உத்தரவிட்டபோது, அடக்கம் செய்வதையே மரபாகக் கொண்ட மக்கள் சாவையே மறைக்கத் தொடங்கினார்கள். 2014 செப்டம்பரில் கினியின் வோமே என்னும் கிராமத்தில், எபோலா பற்றி விளக்க வந்த குழுவைச் சேர்ந்த எட்டுப் பேர் கொல்லப்பட்டார்கள்; சுகாதாரப் பணியாளர்களோடு செய்தியாளர்களும் அதில் இறந்தார்கள்.

மாற்றம் அடக்கச் சடங்கிலிருந்து தொடங்கியது. எபோலாவில் இறந்தவரின் உடல் மிக அதிகமாகத் தொற்றக்கூடியது. புதிய தொற்றுகளில் குறைந்தது ஐந்தில் ஒரு பங்கு அடக்கங்களின்போது நேர்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் அப்போது மதிப்பிட்டது. ஆகவே உடலைத் தொட்டுக் குளிப்பாட்டக் கூடாது என்பதை விட்டுக்கொடுக்க முடியாது. மற்றவை எல்லாம் பேசித் தீர்க்கக்கூடியவை என்பதை 2014 நவம்பரில் அந்த நிறுவனம் வெளியிட்ட புதிய நெறிமுறை ஏற்றுக்கொண்டது. குடும்பத்தார் உடலைப் பாதுகாப்பான தொலைவிலிருந்து பார்க்கலாம், தொழுகையோ பிரார்த்தனையோ நடத்தலாம், துணியோ நினைவுப் பொருளோ உடன் வைக்கச் சொல்லிக் கொடுக்கலாம், குழியில் முதல் பிடி மண்ணைக் குடும்பத்தவரே போடலாம். எதை மாற்ற முடியாது, எது உங்கள் விருப்பம் என்று பிரித்துச் சொன்ன பிறகு, மறைத்த வீடுகளும் மெல்லத் திறந்தன. இத்தனையும் நடந்த பிறகும், 2018இல் காங்கோ ஜனநாயகக் குடியரசின் பெனி, புட்டெம்போ நகரங்களில் ஆய்வாளர்கள் கேட்டபோது, ஏறத்தாழ நால்வரில் ஒருவர் எபோலா என்ற நோயே இல்லை என்றார்கள். பல ஆண்டுப் போரும், தங்களைக் காக்காத அரசும் அந்தப் பதிலுக்குள் இருந்தன. நோய் வந்த நாளில் மட்டும் வந்து நிற்பவரை யார் நம்புவார்கள்?

நாள்தோறும் மாறும் செய்திக்கு நடுவே, மாறாத சில தகவல்களும் உள்ளன. எத்தனை பேர் இறந்தார்கள், புதிய திரிபு எவ்வளவு வேகமாகப் பரவுகிறது, எந்த மருந்து பலன் தருகிறது என்பவை தொடக்க மாதங்களில் மாறிக்கொண்டேதான் இருக்கும். அவற்றில் கருத்து வேறுபட்டு ஒரு குடும்பம் இரவெல்லாம் வாதாடினாலும் நோயாளிக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. ஒவ்வொரு வைரஸும் எந்த நாட்களில் தொற்றும் என்பது அப்படியல்ல. பல ஆண்டுகளாக அறியப்பட்ட நோய்களில் அது உறுதியான அறிவு. இன்ஃப்ளுயன்சா அறிகுறிக்கு ஒரு நாள் முன்னரே தொற்றத் தொடங்குகிறது. தட்டம்மை, தடிப்புத் தோன்றுவதற்கு நான்கு நாள் முன்பிருந்து, தோன்றிய பின் நான்கு நாள்வரை தொற்றும். எபோலா, அறிகுறி தொடங்கும்வரை தொற்றுவதில்லை. வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாக்கும் நோரோவைரஸ், உபாதை நின்ற பிறகும் இரண்டு நாளாவது எளிதில் பரவும். ஆல்கஹால் கலந்த கைத் திரவம் அதற்குச் சரியாக வேலை செய்யாது, சோப்பும் தண்ணீரும்தான் வேண்டும். இந்த அளவு தெரிந்தால், யாரை எத்தனை நாள் தனியாக வைப்பது என்ற கேள்வி தொலைக்காட்சியைச் சார்ந்திருக்க வேண்டியதில்லை.

சுவாச வைரஸ் வந்த வீட்டில் செய்யக்கூடியவையும் அப்படியே. நோயாளியின் அறையில் வெளியே பார்த்த சன்னல் திறந்திருக்க வேண்டும். மின்விசிறி ஒன்று இருந்தால் அந்தச் சன்னல் பக்கம் திருப்பி, உள்காற்றை வெளியே தள்ளும்படி வைக்கலாம். உள்ளே போய்வருபவர் ஒரே ஆளாக இருப்பது நல்லது. அவரும் நோயாளியும் மாஸ்க் போட்டிருந்தால் காப்பு இன்னும் கூடும். தலைமாட்டில் ஒரு நோட்டு வைத்து, காய்ச்சல் அளவு, அளந்த மணி, கொடுத்த மாத்திரை, குடித்த நீர், ஆக்சிமீட்டர் (ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை விழுக்காடு என்று விரலில் மாட்டி அளக்கும் கருவி) காட்டிய எண் ஆகியவற்றை எழுதிவருவது சிறிய வேலைதான். ஆனால் வீட்டில் வாதம் மூளும்போது அதன் மதிப்புத் தெரியும். "நேற்றைவிட நன்றாகத்தானே இருக்கிறார்" என்று ஒருவரும் "இல்லை, மூச்சு வாங்குகிறது" என்று மற்றவரும் சொல்லும் நேரத்தில், நேற்று மாலை 97 இருந்த எண் இன்று காலை 93 என்று நோட்டு காட்டும். அங்கே யாரையும் நம்ப வேண்டிய தேவையே எழுவதில்லை. மருத்துவரிடம் தொலைபேசியில் பேசும்போதும் அதே நோட்டைப் பார்த்துத்தான் பேச வேண்டியிருக்கும்.

குடும்பத்தில் பெரியவர் ஒருவர் தவறான தகவலைப் பிடித்துக்கொண்டால், அது பொய் என்று எல்லார் முன்னிலும் சொல்வதால் அநேகமாகப் பயன் இருப்பதில்லை. குழுவில் மறுப்புப் பதிவு போட்டால் அவர் மரியாதைக்காகவாவது இன்னும் உறுதியாக நிற்பார். தனியாகக் கூப்பிட்டு, "மாமா, இதைப் பேசியவர் யார், எந்த ஊர் மருத்துவர், எப்போது பேசியது என்று உங்களுக்கு அனுப்பியவரிடம் கேட்டுச் சொல்லுங்கள்" என்று அவரிடமே விசாரணையை ஒப்படைப்பது மேலானது. உடலுக்குத் தீங்கில்லாத கைவைத்தியத்தை அவர் விருப்பத்துக்கு விட்டுவிட்டு, தீங்கானவற்றில் மட்டும் உறுதியாக நிற்கலாம். ஈரானில் 2020 தொடக்க மாதங்களில், மது கிருமியைக் கொல்லும் என்ற வதந்தியை நம்பி மெத்தனால் என்னும் நச்சு ஆல்கஹால் கலந்த சாராயத்தைக் குடித்து நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். வைரஸ் காய்ச்சலில் குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் கொடுத்தால் மூளையையும் ஈரலையும் தாக்கும் ரை நோய்க்குறி வரக்கூடும். இப்படிப்பட்ட இடங்களில் மனம் நோகாமல் பேச வேண்டும் என்பதற்காக விட்டுக்கொடுக்க முடியாது.

செய்தி நிறுவனங்களின் பக்கமும் செய்யக்கூடியவை உண்டு. ஒரு எண்ணை வெளியிடும்போது, எந்தத் தேதிவரை, யாரைக் கணக்கில் எடுத்து என்று அதே வரியில் சொல்வது. இன்னும் உறுதியாகாததை உறுதியாகவில்லை என்றே எழுதுவது. பரிந்துரை மாறினால், என்ன புதிதாகத் தெரிந்ததால் மாறியது என்பதை விளக்குவது. பிழை வந்த இடத்திலேயே, அதே அளவு எழுத்தில் திருத்தம் போடுவது. இவற்றோடு, வாசகர் கேள்விக்குப் பொறுப்பான மருத்துவர் ஒருவர் பதில் தரும் பகுதியை நோய்க் காலத்திலாவது நடத்துவது, மேலே சொன்ன ஒருவழிப் பாதையைக் கொஞ்சமேனும் இருவழியாக்கும்.

ஆனால் இவை நடக்கும்வரை நோய் காத்திருக்காது. ஒரே வீட்டில் இருவர் வைரஸின் தோற்றம், தடுப்பூசி, அரசு, ஊடகம் எல்லாவற்றிலும் எதிரெதிராக நின்றாலும், சில அபாயக் குறிகளில் முன்கூட்டியே உடன்பட்டுவிட முடியும். எல்லாரும் நலமாக இருக்கும் நாளிலேயே பேசி, தாளில் எழுதி ஒட்டிவைத்தும் விடலாம். மூச்சுத் திணறல், ஓயாத நெஞ்சுவலி, உதடு நீலம்பாரித்தல், பேச்சில் தடுமாற்றம் அல்லது எழுப்பினாலும் எழாத மயக்கம், வலிப்பு, நாள் முழுக்க நீர் இறங்காமலும் சிறுநீர் போகாமலும் இருத்தல், காய்ச்சல் தணிந்து இரண்டு நாள் கழித்து முன்னைவிடக் கடுமையாகத் திரும்புதல், மூன்று மாதம் நிறையாத குழந்தைக்குக் காய்ச்சல். இவற்றில் ஒன்று கண்டாலும், யார் சொன்னது சரி என்ற பேச்சை அங்கேயே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குக் கிளம்புவது. வண்டி ஓட்டுவது யார், வீட்டில் பிள்ளைகளோடு இருப்பது யார், எந்த எண்ணுக்கு முதலில் தொலைபேசி செய்வது என்பதையும் அந்தத் தாளிலேயே எழுதி வைப்பது.